உளுத்ததா, மக்கியதா?

மரத்தைத் தின்று பிழைக்கும் உயிர்கள் எல்லாம் மரத்தில் ஒரே பொருளைத் தேடி வருவதில்லை. ஒன்றுக்கு மாவுச்சத்து வேண்டும், இன்னொன்றுக்குச் செல்லுலோஸ் வேண்டும். மற்ற உயிர்கள் பெரும்பாலும் தொட அஞ்சும் லிக்னினையே கரைத்துவிடுகிற பூஞ்சைகளும் உண்டு. பழைய வீட்டின் உத்திரத்தில் ஒரு துளையையோ தரையில் கொட்டிய பொடியையோ கண்டதும் "கட்டை போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்களும், "மருந்து அடிச்சா சரியாப் போயிடும்" என்று தேற்றுகிறவர்களும் இந்த வேற்றுமையைக் கவனிப்பதில்லை. தின்றது எது என்பது, அது எதைத் தின்னாமல் விட்டது என்பதில் தெரியும். அந்த மிச்சத்தைப் பார்க்கப் பழகியவர் மூன்று கேள்விகளோடு கட்டையை அணுகுவார். வந்தது யார்? இன்னும் உள்ளே இருக்கிறதா? அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மூன்றாவது கேள்விதான் வீட்டைக் காப்பாற்றும் கேள்வி. ஆனால் பெரும்பாலும் அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மரத்தின் செல் சுவரைக் கம்பி கட்டிய கான்கிரீட்டோடு ஒப்பிடலாம். செல்லுலோஸ் நீள நீள இழைகளாக ஓடி இழுவிசையைத் தாங்கும் கம்பி. லிக்னின் அந்தக் கம்பிகளைப் பற்றி நிறுத்தி அழுத்தத்தைத் தாங்கும் கலவை. மாவுச்சத்துக்கு இந்தக் கட்டுமானத்தில் பங்கு இல்லை. உயிரோடிருந்த காலத்தில் மரம் தனக்காகச் சேர்த்துவைத்த உணவு அது. அது இருக்குமிடம் வெளிவட்டத்து வெளிறு. நடுவிலுள்ள வைரத்தில் உயிருள்ள செல்களும் இல்லை, மாவுச்சத்தும் இல்லை. அங்கே மரம் தன் நச்சுப் பொருட்களை அடைத்துவைக்கிறது. தேக்கின் வைரத்தைக் கறையான் ஒதுக்குவதற்கு அதிலுள்ள டெக்டோகுவினோன் போன்ற பொருட்களே காரணம். அதே தேக்கின் வெளிறுக்கு அந்தக் காவல் கிடையாது. பழைய பர்மா தேக்கு உத்திரத்தையும், வளர்ந்து முடியுமுன் வெட்டிய இன்றைய தோட்டத் தேக்கையும் ஒரே பெயரால் அழைத்தாலும் இரண்டும் ஒன்றல்ல. இளமரத்தில் வெளிறின் பங்கு மிக அதிகம்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் மரவகைகளின் ஆயுளை எளிய முறையில் அளந்து வந்திருக்கிறது. கட்டைகளை நிலத்தில் பாதி புதைத்து, கறையானுக்கும் பூஞ்சைக்கும் விட்டுவிட்டு, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதங்களும் அதற்கு மேலும் நின்றால் முதல் வகுப்பு, 60 மாதங்களுக்குள் விழுந்தால் மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு, மா மூன்றாம் வகுப்பு. இந்த எண்கள் மண்ணில் நட்ட கட்டைக்கு உரியவை. உலர்ந்த கூரையில் நல்ல காற்றோட்டத்தில் இருந்தால் தாழ்ந்த வகுப்பு மரம்கூடத் தலைமுறைகளைக் கடக்கும்.

முதலில் பொடியைப் பார்ப்போம். உத்திரத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கும் பொடியை எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்க்க வேண்டும். துளியும் நறநறப்பின்றி வழுக்கினால் அது லிக்டஸ் என்ற பொடிவண்டின் வேலை. துளைகள் வட்டமாக, 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். தாய்வண்டு மரத்தைக் கடித்துப் பார்த்து, மாவுச்சத்து இருந்தால் மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் முட்டையிடுகிறது. குழாய்கள் முட்டை நுழையாத அளவு நுண்ணியவையாக இருந்தால் அந்த மரம் தப்பித்தது. அப்படிப்பட்ட குழாய்களே இல்லாத பைன் போன்ற ஊசியிலை மரங்களும் லிக்டஸிடமிருந்து தப்பிவிடும். மா, ரப்பர் போன்றவை எளிதில் மாட்டிக்கொள்ளும். மூங்கிலைத் துளைப்பது பெரும்பாலும் இதன் உறவினமான வேறொரு வண்டு. அதற்கும் வேண்டியது மாவுச்சத்துதான். வெட்டிய மூங்கிலைக் குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடும் பழைய வழக்கம் அதைக் கரைத்து வெளியேற்றுகிறது. வேதியியல் படிக்காத கைகள் கண்டுபிடித்த மிகச் சரியான மருந்து அது.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. அறுத்த கட்டையில் மாவுச்சத்து ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துபோகும். ஆகவே நூறு வயதான தேக்கு உத்திரத்தின் விளிம்பில் மட்டும் ஊசித்துளைகள் வரிசையாக இருந்தால், அது விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த வெளிறைத் தின்ற பழைய கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தின்றவை எப்போதோ போய்விட்டன. துளைக்குள் வார்னிஷோ சுண்ணாம்போ இறங்கியிருந்தால் துளை அந்தப் பூச்சுக்கு முந்தியது. கட்டையின் மேற்பரப்பில் துளைக்குப் பதிலாக நெடுக ஓடும் அரைவட்டப் பள்ளங்கள் தெரிந்தால், சுரங்கத்தை வாள் பிளந்திருக்கிறது என்று பொருள். அறுப்பதற்கு முன்பே நடந்த சேதம் அது. புதுத்துளையின் விளிம்பு கூர்மையாக, உள்ளே மரம் வெளிர் நிறமாகத் தெரியும். பொடி விழுவதை மட்டும் நம்பக் கூடாது. தெருவில் லாரி போன அதிர்வில் பழைய சுரங்கத்திலிருந்தும் பொடி உதிரும்.

பச்சை மரத்தை மட்டும் துளைக்கும் வண்டுகள் வேறு. அவற்றின் துளைச் சுவர் கறுத்திருக்கும், உள்ளே பொடியே இருக்காது. தாம் கூட்டிவந்த பூஞ்சையைத் துளைக்குள் வளர்த்துத் தின்பவை அவை. மரம் உலர்ந்ததும் பூஞ்சையும் வண்டும் செத்துவிடும். அந்தத் துளைகளுக்கு மருந்தடிப்பது வீண்செலவு. கைமரத்தின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவு வட்டத்துளை இருந்து, கீழே சொரசொரப்பான மரத்தூள் கொட்டியிருந்தால் அது கருவண்டு. கூடு கட்டத்தான் அது துளைக்கிறது, தின்பதற்கல்ல. ஒன்றிரண்டு துளைகளால் கூரைக்கு ஆபத்தில்லை.

கறையான் வேறு வகை. மண்ணிலிருந்து வரும் கறையானுக்கு ஈரமும் இருட்டும் இல்லாவிட்டால் உயிரில்லை. அதனால்தான் சுவரில் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறுகிறது, கட்டையின் மேல்தோலை மெல்லிய தகடாக விட்டுவைத்துவிட்டு உள்ளே குடைகிறது. நம் நிலத்தில் பரவலாகக் காணும் ஓடோன்டோடெர்மஸ் இனம், தின்ற மரத்தைப் புற்றுக்குள் கொண்டுபோய் அதன்மேல் பூஞ்சை வளர்த்து அதையும் உண்கிறது. கறையான் தின்ற கட்டையைப் பிளந்தால் வளர்வளையங்களின் மென்மையான பகுதி காணாமல் போயிருக்கும், கடினமான அடுக்குகள் தனித்தனித் தகடுகளாக நிற்கும், இடுக்குகளில் மண் பூசியிருக்கும். அந்த மண்தான் சாட்சி. குழாயை ஓரிடத்தில் உடைத்துவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். ஈரமண்ணால் அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அடைக்காமல் விட்டிருந்தால் பாதையை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கடலோர ஊர்களில் இன்னொரு கறையான் உண்டு. அதற்கு மண்ணோடு தொடர்பே தேவையில்லை. உலர்ந்த கட்டைக்குள்ளேயே, காற்றின் ஈரத்தை வைத்துக்கொண்டு சிறு கூட்டமாக வாழ்கிறது. மண்குழாயும் இருக்காது, மண்பூச்சும் இருக்காது. வீட்டைச் சுற்றித் தரைக்குள் மருந்து செலுத்தினால் இதற்கு ஒன்றும் ஆகாது. அடையாளம், அது வெளியே தள்ளும் எச்சம்: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த, தனித்தனியாக உருளும் குருணை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு குருணையிலும் ஆறு பட்டை தெரியும். வண்டுப்பொடிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஒரு சிறிய கண்ணாடியால் இவ்வளவு தெளிவாகத் தீரும் ஐயத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தவறான மருந்து வாங்குகிறோம் என்பது எனக்கு வருத்தமே.

பூச்சியைவிட நான் அதிகம் அஞ்சுவது பூஞ்சையை. பூச்சி துளை காட்டும், பொடி காட்டும். பூஞ்சை நெடுங்காலம் ஒன்றையும் காட்டாது.

மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கிறார்கள். பழுப்பு மக்கல் செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுவிடும். மீந்த மரம் பழுப்பேறி, சுருங்கி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டங்கட்டமாக உதிரும். விரலால் நசுக்கினால் பொடியாகும். வெள்ளை மக்கல் லிக்னினையும் சேர்த்துக் கரைக்கும்; மிஞ்சுவது வெளுத்த, நாராகப் பிரியும் மரம். நம் வீடுகளில் உள்ள தேக்கு, பலா, வேம்பு போன்ற அகன்ற இலை மரங்களில் வெள்ளை மக்கலை அதிகம் பார்க்கலாம். மூன்றாவது மென் மக்கல். 1954-ல் சேவரி என்ற ஆய்வாளர் தனியாகப் பிரித்துக் காட்டிய வகை இது. மழையும் வெயிலும் மாறிமாறிப் படும் மரத்தின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு மரத்தைக் கறுத்து மெத்தென்றாக்கும். அதற்குக் கீழே மரம் திடமாக இருக்கும். மேலேயிருப்பதைச் சுரண்டிவிட்டால் பயம் பாதியாகக் குறையும். வெளிறில் நீலக்கறை படியவைக்கும் பூஞ்சையும், துடைத்தால் போய்விடும் பச்சைப் பூசணமும் கட்டையின் வலிமையைத் தொடுவதில்லை. ஆனால் அங்கே ஈரம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

பழுப்பு மக்கலின் கொடுமை அதன் தொடக்கத்தில் இருக்கிறது. பூஞ்சையின் நொதிகள் பெரிய மூலக்கூறுகள். நெருக்கமான செல் சுவருக்குள் அவற்றால் நுழைய முடியாது. எனவே பூஞ்சை முதலில் சிறிய ஆயுதங்களை அனுப்புகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் செல்லுலோஸ் இழைகளை அங்கங்கே வெட்டிவிடுகின்றன. மரத்தின் எடை அப்படியே இருக்கும், நிறம் சற்றே மாறியிருக்கும், ஆனால் இழைகள் துண்டாகியிருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் வளைவைத் தாங்கும் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடக்கூடும். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் கட்டத்திலேயே உத்திரம் தோற்றுக்கொண்டிருக்கும்.

இதற்கு ஆசாரியின் கையில் ஒரு சோதனை இருக்கிறது. கூரான உளிமுனையை இழையோட்டத்துக்குக் குறுக்கே மரத்தில் குத்தி, ஒரு சிம்பை நெம்பி எடுக்க வேண்டும். நல்ல மரம் முறுகலாகச் சத்தமிட்டு நீண்ட சிம்பாக, ஒரு முனை ஒட்டிக்கொண்டபடி எழும்பும். மக்கத் தொடங்கிய மரம் சத்தமில்லாமல், உளிமுனைக்கு நேர் மேலே குட்டையாக முறியும். நீண்ட இழைகள் அறுந்துவிட்டன என்பதைத்தான் அந்த முறிவு காட்டுகிறது. ஆய்வகத்து நுண்ணோக்கி காட்டும் அதே செய்தியை ஓர் உளி காட்டிவிடுகிறது. இதைப் பல இடங்களில் செய்து, நல்லதென்று உறுதியாகத் தெரிந்த ஒரு பகுதியோடு ஒப்பிட்டால்தான் பயன்.

பூஞ்சைக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்த ஒன்று. உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட, நீர் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கல் நடக்காது. செல் சுவர்கள் நீரால் நிரம்பும் 28–30 சதவீதத்தையும் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். மழை படாத, ஒழுகாத கூரைக்குள் மரம் நம் ஊரின் ஈரக்காற்றிலும் 20-ஐத் தொடுவது அரிது. அப்படியானால் மக்கிய ஒவ்வொரு கட்டைக்கும் பின்னால் ஓர் ஒழுக்கோ ஓதமோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை ஆய்வு முடியவில்லை.

இங்கிலாந்து நூல்களைப் படித்துவிட்டு "டிரை ராட்" என்று நம் பொறியாளர்கள் எழுதும் அறிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செர்பியூலா லாக்ரிமான்ஸ் என்ற அந்தப் பூஞ்சை, ஈரத்தைத் தானே கடத்திக்கொண்டு செங்கல் சுவரைக் கடந்து பரவக்கூடியது. ஐரோப்பிய வீடுகளின் பெரும்பகை. ஆனால் அதற்குக் குளிர் வேண்டும். இயற்கையில் அது இமயமலைக் காடுகளில் வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள். சென்னையின் வெயிலில் அது பிழைக்காது. அதற்கென்று எழுதிய சிகிச்சையை, சுற்றிலும் ஒரு மீட்டர் வரை நல்ல மரத்தையும் வெட்டி எறிவது உட்பட, இங்கே செய்தால் நூறாண்டுத் தேக்கை நாமே அழித்தவர்களாவோம்.

பூச்சியும் பூஞ்சையும் கைகோத்து வேலை செய்ததற்குப் புகழ்பெற்ற சாட்சி லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்காக 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹியூ ஹெர்லண்ட் என்ற தச்சர் அமைத்த ஓக் கூரை, நடுவில் தூண் இல்லாமல் இருபது மீட்டருக்கு மேல் தாண்டி நிற்கிறது. 1914-ல் பிராங்க் பெய்ன்ஸ் அந்தக் கூரையை ஆராய்ந்து அறிக்கை தந்தபோது, வெளியே கம்பீரமாக நின்ற உத்திரங்கள் உள்ளே கூடாகியிருந்தது தெரியவந்தது. தின்றது, கட்டையில் தலையை மோதி 'டக்டக்' என்று ஒலியெழுப்பும் ஒரு வண்டின் புழு. அதை அழிக்கும் மருந்தைத் தேடப் பணிக்கப்பட்டவர் ஹெரால்ட் மாக்ஸ்வெல்-லெஃப்ராய். பீகாரின் பூசாவில் இந்திய அரசின் தலைமைப் பூச்சியியலாளராக இருந்தவர். 1909-ல் வெளிவந்த 'இந்தியன் இன்செக்ட் லைஃப்' அவர் எழுதியது. பூச்சிகொல்லி வாயுக்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அதே வாயு தாக்கி 1925-ல் இறந்தார்.

அந்த வண்டைப் பற்றிப் பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் தெளிவாக்கின. திடமான உலர்ந்த ஓக்கில் அதன் புழு மெல்ல மெல்லத்தான் வளரும். பூஞ்சை இளக்கிவைத்த ஓக்கில் மிக வேகமாக வளரும். ஒழுகிய கூரை, அதனால் வந்த பூஞ்சை, அது பக்குவப்படுத்திய மரம், பிறகுதான் வண்டு. மருந்து கடைசியாக வந்தவனை மட்டும் துரத்தும்.

இனி நம் ஊர் மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு வருவோம். நெருக்கமாக அடுக்கிய தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்த தளம், மேலே செங்கல் ஜல்லி, அதற்கும் மேலே தட்டோடு. இந்த அமைப்பின் பலவீனமான இடம் உத்திரம் சுவருக்குள் புகும் முனை. கட்டையின் பக்கவாட்டைவிட அறுத்த முனை பலமடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். அந்த முனையையே சுவருக்குள் காற்றுப்புகாமல் புதைத்திருக்கிறோம். தாங்குவிசை முழுவதும் சுவரில் இறங்கும் இடமும் அதுதான், கண்ணுக்குத் தெரியாத இடமும் அதுதான்.

அங்கே தண்ணீர் எப்படிச் சேர்கிறது? கைப்பிடிச் சுவரின் அடியிலுள்ள விரிசல், இலை அடைத்த மழைத்தூம்பு, சுவரிடுக்கில் வேரோடிய அரசங்கன்று, மாடியில் பிற்காலத்தில் சேர்த்த குளியலறை. இவற்றோடு, நல்லெண்ணத்தில் செய்யும் ஒரு தீங்கும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கினாலும் விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றிக் கட்டையின் முனையைத் தேடிப்போகும். பழைய வீட்டைப் "பலப்படுத்த" சிமென்ட் பூசியதால் மக்கிய உத்திரங்கள் ஏராளம்.

சேதத்தின் இடத்தைத் தளத்தின் தொய்வே சொல்லிவிடும். உத்திரம் நடுவில் மட்டும் தொய்ந்திருந்தால் அது பெரும்பாலும் நெடுங்காலப் பாரத்தின் விளைவு. முனையே இறங்கி, சுவரோரத்துத் தரையில் பிளவு தெரிந்தால், முனை நசுங்குகிறது. சுவரில் கட்டையைச் சுற்றிய கறை, ஆணியைச் சுற்றிக் கறுத்த வளையம் இரண்டும் ஈரத்தின் தடயங்கள். மரத்தின் டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால்தான் அந்தக் கறுப்பு உண்டாகும்.

பிறகு சுத்தியலால் முனையை நோக்கித் தட்டிக்கொண்டே போகலாம். கணீரென்ற ஒலி எங்கே மொத்தென்று மாறுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோட்டுக்கு அப்பால், சுவருக்குள் இருக்கும் பகுதியை நோக்கிச் சாய்வாக மெல்லிய துளை போட்டுச் சீவலைப் பார்க்க வேண்டும். சுருண்ட, வெளிர்ந்த சீவல் வந்தால் மரம் நன்று. கறுத்த ஈரத்தூள் வந்தால் மக்கல். துளைப்பான் திடீரென்று உள்ளே விழுந்தால் கூடு. ஈரமானி இருந்தால் நல்லது, ஆனால் அது மின்தடையைத்தான் அளக்கிறது. கடலோர வீடுகளில் உப்பேறிய மரம் உலர்ந்திருந்தாலும் மானி உயர்ந்த எண்ணைக் காட்டும். பனங்கைகளில் இன்னும் கவனம் வேண்டும். பனையின் வலிமை கறுத்த வெளிப்புறத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது இயல்பிலேயே மெத்தென்ற சோறு. மற்ற மரத்துக்குரிய அளவுகோலை அதற்குப் பொருத்தக் கூடாது.

இதன்பின் கணக்கு. 100 மில்லிமீட்டர் அகலமும் 150 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட உத்திரம் நான்கு பக்கமும் 10 மில்லிமீட்டர் இழந்தால் 80-க்கு 130 ஆகிறது. பார்வைக்குச் சிறு இழப்பு. வளைவைத் தாங்கும் திறன் உயரத்தின் இருமடிக்கேற்ப மாறுவதால் அது 40 சதவீதம் குறைகிறது. தொய்வைத் தடுக்கும் விறைப்பு உயரத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதால் 48 சதவீதம் குறைகிறது. எதிர்த்திசையில், ஒரு விளிம்பில் மட்டும் வெளிறு உளுத்த பெரிய உத்திரத்துக்கு இந்தக் கணக்கு அநேகமாக நல்ல செய்தியையே தரும். பழங்காலத் தச்சர்கள் தேவைக்கு மேலேயே மரம் போட்டார்கள்.

மருந்தின் இடம் இதற்குப் பிறகுதான். டேராடூனில் 1933-ல் சோன்டி காமேசன் உருவாக்கிய செம்பு-குரோமியம்-ஆர்சனிக் கரைசல் உலகெங்கும் மரத்தைக் காத்தது. ஆனால் அதை அழுத்தக் கலனுக்குள் வைத்துத்தான் மரத்தில் ஏற்ற வேண்டும். நின்றுகொண்டிருக்கும் உத்திரத்தின்மேல் தெளிக்கும் எதுவும் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. ஈரமான மரத்துக்குள் தானே பரவும் போரான் உப்புகள் முனைகளுக்கு ஓரளவு உதவும். மக்கிய முனையைக் கோடு போட்ட இடத்துக்கு அப்பாலும் சற்று வெட்டி, வைரத் தேக்கால் ஒட்டுப்போட்டு, சுவருக்குள் அதைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டுக் காற்றோட்டம் தருவதே நிலைத்த வேலை. வண்டுத்துளைகள் பழையவையா என்ற ஐயம் மீந்தால், அவற்றின்மேல் மெல்லிய தாளை ஒட்டித் தேதி எழுதிவிட வேண்டும். உயிரோடிருக்கும் வண்டு தாளைத் துளைத்துக்கொண்டு வரும்.

தூம்பைச் சரிசெய்த பின்பும் தடித்த சுவர் உலர மாதங்கள் ஆகும். அதுவரை உத்திரத்துக்கு அடியில் முட்டுக்கால் நிற்கட்டும். ஈரமானியை மாதாமாதம் அதே இடத்தில் குத்தி எண்ணைக் குறித்துவர வேண்டும். எண் 20-க்குக் கீழே இறங்கி, ஒரு வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகும் அங்கேயே நின்றால் முட்டுக்காலை எடுக்கலாம்.